பொருத்தமான ஆள்

ஆவுடையார்கோவில் பஸ் ஸ்டாண்டு அருகே கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் சுடர்விழி, ஐம்பதைத் தாண்டிய ஆத்மநாதனுக்குப் பொறுமையாக விளக்கினாள்.

"ரெஸ்யூமை மொதல்ல கம்ப்யூட்டர்தாண்ணே படிக்கும். விளம்பரத்துல இருக்குற வார்த்தை நம்மகிட்ட இல்லேன்னா ஒதுக்கிரும். இப்ப குடோன்ல என்ன வேலை பாக்குறீங்க?"

"தீவன மூட்டை வாரதையும் போறதையும் பாத்துக்குவேன்."

'ஸ்டாக் மேனேஜ்மென்ட்' என்று அடித்தாள்.

"லாரிக்கு ஆள் பிரிச்சு விடுவேன். அவங்களுக்குள்ள சண்டை வந்தா வெலக்கி விடுவேன்."

'டீம் லீடர்' என்று அடித்தவள், அவர் செல்போனில் காட்டிய, கம்பெனி பெயர் போடாத அந்த விளம்பரத்தை மறுபடி பார்த்துச் சிரித்தாள்.

"ஒங்களப் பாத்தே எழுதுன மாதிரி இருக்குண்ணே."

ஆத்மநாதன் சிரிக்கவில்லை. "கெடச்சிருமாம்மா? மகள இந்த வருசந்தான் காலேஜ்ல சேத்திருக்கேன்."

விளம்பரத்தின் கடைசி வரியில் அவள் பார்வை நின்றது.

"டிகிரி கேக்குறாங்களே. நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"பத்தாவதும்மா. அந்த வார்த்தையையும் சும்மா போட்டு விட முடியாதா?"

"போட்டா சர்ட்டிபிகேட் கேப்பாங்க. போடலேன்னா கம்ப்யூட்டர் எடுக்காது. நான் என்னண்ணே பண்றது?"

அவர் முகம் வாடியதைப் பார்க்க அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

"இதுக்குப் போயி மனச விட்றாதீங்க. கையில ஒரு வேலை இருக்குல்ல? அதையே கெட்டியாப் பிடிச்சுக்குங்க."

"அந்த வேலைக்குத்தாம்மா இந்த விளம்பரமே குடுத்திருக்காங்க" என்றார் ஆத்மநாதன். "இருக்குற ஆளுகளும் புதுசா அப்ளை பண்ணணுமாம்."