மறந்துபோன வாய்ப்பாடு

"உங்க பொண்ணு மக்காயிட்டா" என்றார் கணக்கு டீச்சர், எடுத்த எடுப்பிலேயே.

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மக்கா? அவள் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில், மெஷினிலிருந்து வந்து விழும் தாளையெல்லாம் நாலு வயசிலேயே கடகடவென்று வாசித்த பெண்ணாயிற்றே! கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் கண்ணு போட்ட பெண்.

"போன மாசம் வரைக்கும் நான் கேட்டு முடிக்கிறதுக்குள்ள கை தூக்குவா. இப்ப திருதிருன்னு முழிக்கிறா. நீங்களே பாருங்க. ஏய், ஏழு எட்டு எவ்வளவு?"

மூன்றாம் வகுப்பு மகள் தரையைப் பார்த்தாள். "ஐம்பத்திரெண்டு."

அறையிலிருந்த மற்ற டீச்சர்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தர் சிரித்தார். அம்மாவுக்கு மானமே போயிற்று. மகளின் நடுமண்டையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தாள்.

மகள் அழவில்லை.

தெருவில் இறங்கியதும் அம்மா ஆரம்பித்தாள். "முதலாளிகிட்ட கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கிட்டு வந்தது இதுக்குத்தானாடி? தூக்கத்துலகூட பதிமூணாம் வாய்ப்பாடு சொல்லுவியே! ஏழு எட்டு எவ்வளவு?"

"ஐம்பத்தாறு."

"அப்புறம் அங்க ஏன்டி மாத்திச் சொன்னே?"

"சரியாச் சொன்னா, தெரியாதவங்க தலையில எல்லாம் நான்தாம்மா குட்டணும்."

"நீயா? டீச்சர் என்ன பண்ணுவாங்க?"

"அவங்களுக்குக் கை வலிக்குமாம். மெதுவாக் குட்டினா, 'என்ன, தடவிக் குடுக்கிறியா?'ன்னு மறுபடியும் குட்டச் சொல்வாங்க. அன்னிக்கு என் பக்கத்துல உக்கார்றவ பயத்துல பாவாடையிலயே ஒண்ணுக்குப் போயிட்டா. அதுலேருந்து எங்கூட யாருமே பேசுறதில்ல." மகள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "தப்பாச் சொன்னா நான் ஒரு குட்டு வாங்கிட்டு உக்காந்துடலாம்."

அம்மா நின்றுவிட்டாள். மகளின் முடிக்குள் விரல் விட்டுத் தடவினாள். நாலைந்து இடத்தில் புடைத்திருந்தது. அவள் வைத்தது எது என்று அவளுக்கே தெரியவில்லை.

"அழாதேம்மா" என்றாள் மகள். "எனக்கு உன்மேல கோவமே இல்ல. நீயும் டீச்சர் சொல்லித்தானே குட்டினே?"

'ஆமாம்' என்று ஒரு பொய் சொல்லக்கூட அம்மாவுக்கு நாக்கு எழவில்லை.