ஒரு போல்ட் குறையுது

"நாலு, ஏழு, ஒண்ணு, ஆறு, மூணு. மறந்துடாதே வெர்ன்."

"வேணும்னா என் நெத்தியில பச்சை குத்திவிடு. மாசா மாசம் இதையே எத்தனை தடவைடா சொல்லுவே?"

மட்ஜி ஊர் மைதானத்துக் கூடத்தில் பழைய ஆயுதச் சந்தை அப்போதுதான் திறந்திருந்தது. வாசலில் யாரோ சாசேஜும் வெங்காயமும் வதக்கிக்கொண்டிருந்தார்கள். கிளெம் முன்னால் நடக்க, வெர்ன் முனகிக்கொண்டே பின்னால் வந்தார்.

கிளெம்மிடம் ஒரு துப்பாக்கி இருந்தது. போர்க்காலத்தில் லித்கோ ஆலையில் செய்தது. மரக்கட்டையில் உப்புத்தாள் பட்டதில்லை, வார்னிஷ் பட்டதில்லை. பாகத்துக்குப் பாகம் அதே நாலு, ஏழு, ஒண்ணு, ஆறு, மூணு. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் கைப்பிடித் தண்டான போல்ட்டில் மட்டும் வேறு எண். வாங்கும்போதே அப்படித்தான் என்பார் கிளெம். அந்த ஒரு குறையால் 'முழு அசல்' என்று அதைச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

எண்களோ பொடிப்பொடியாக இருக்கும். கிளெம்முக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத்தான் தெரியும். படித்துச் சொல்ல வெர்ன் வேண்டும். மனைவி ஈனிட் இறந்த பிறகு வெர்ன் வேறு எதற்கும் வீட்டைவிட்டு வந்ததில்லை. ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர், வீட்டுக்குப் பின்னாலிருந்த ஷெட்டைக்கூடப் பூட்டிவிட்டார். கதவைத் தட்டினால், "வீட்டுல யாரும் இல்ல" என்று உள்ளிருந்து அவரே குரல் கொடுப்பார். இப்படியே விட்டால் இவனும் ஈனிட் பின்னாலேயே போய்விடுவான் என்று கிளெம்முக்குப் பயம்.

"கட்டைவிரல்ல என்ன கட்டு?" என்று கேட்டார் கிளெம்.

"கார் கதவுல மாட்டிக்கிச்சு."

"நீதான் காரை எடுக்கறதே இல்லையே?"

"அந்தக் கோவத்துலதான் கடிச்சிடுச்சு."

உதிரி பாகம் விற்கும் ரோலியின் மேசைக்கு வந்தார்கள். உதிரி போல்ட்டுகள் ஒரு மரப்பெட்டி நிறையக் கிடந்தன. வெர்ன் அதற்குள் கையை விட்டார்.

"இதைத்தான் போன மாசமே அலசினோமே."

"இன்னொரு தடவை அலசறேன். உனக்கு என்ன போச்சு?"

ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணருகே பிடித்து, ஓரமாக வைத்தார். திடீரென்று அவர் கை நின்றது.

"கிளெம்! நாலு, ஏழு, ஒண்ணு, ஆறு, மூணு!"

பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். போலி என்றால் கிளெம் விடமாட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும். போன வருடம் புதிதாக எண் குத்திய துப்பாக்கியோடு வந்த ஒருவன், கிளெம்மின் வாய்க்குப் பயந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே மூட்டை கட்டினான்.

கிளெம் போல்ட்டை வாங்கி, எண்ணின் மேல் விரலால் தடவினார். பழைய எண் என்றால் விளிம்புகள் மழுங்கியிருக்கும். இது விரலைக் குத்தியது. கறுப்பு நிறம் லேசாகக் கையில் ஒட்டியது. வெர்னின் ஷெட்டில் எப்போதும் அடிக்கும் அந்த எண்ணெய் வாடை.

ரோலி குனிந்து பார்த்தார். "கிளெம், இந்த ஏழு கொஞ்சம்..."

கிளெம்மின் பூட்ஸ் ரோலியின் காலை அழுத்தி மிதித்தது.

"அந்த ஏழுக்கு என்ன ரோலி?"

"ஒண்ணும் இல்லப்பா," என்றார் ரோலி, கண்ணில் நீரோடு. "ரொம்ப லட்சணமான ஏழு."

வெர்ன் மூச்சுவிடாமல் கிளெம்மின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அசல்," என்றார் கிளெம். "லித்கோ ஆலையிலேயே குத்தினது. சந்தேகமே இல்ல."

வெர்ன் சிரித்துவிட்டார். ஈனிட் போனதற்கு அப்புறம் அவர் பல்லை யாரும் பார்த்ததில்லை.

"என்ன விலை சொல்றே ரோலி?"

"இது என் பெட்டிக்குள்ள எப்படி வந்துச்சுன்னே எனக்குத் தெரியல. ஒரு பீர் வாங்கிக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போ."

திரும்பும் வழியெல்லாம் வெர்ன் பேசிக்கொண்டே வந்தார். ஷெட்டின் கூரை ஒழுகுகிறது, லேத் மெஷினுக்கு பெல்ட் மாற்ற வேண்டும், உளிகளெல்லாம் துருப்பிடித்துக் கிடக்கின்றன என்று. தங்கள் ஊரான லித்கோவை நெருங்கும்போதுதான் அவர் குரல் இறங்கியது.

"சரி, உன் வேலை முடிஞ்சுது. இனிமே நீயும் சந்தை சந்தையா அலைய வேண்டாம். நானும் வீட்டோட கிடக்கலாம்."

கிளெம் காரின் வேகத்தைக் குறைத்தார்.

"முடியலடா வெர்ன். குழல் முனையில மாட்டியிருக்கே மூக்குமூடி, அதுலயும் வேற எண்."

"அடப்பாவி! இத்தனை நாளா சொல்லவே இல்லையே?"

"ஒவ்வொரு துக்கமா சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"பீடை பிடிச்ச துப்பாக்கிடா உன்னோடது! அடுத்த சந்தை எங்கே?"

"டப்போவுல."

"போவோம். அதுக்கு முன்னாடி அந்த மூக்குமூடியை நானே பார்க்கணும். காலையில உன் வீட்டுக்கு வர்றேன். நோலாகிட்ட டீ போட்டு வைக்கச் சொல்லு."

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கிளெம் சமையலறை இழுப்பறைகளைக் குடைந்தார்.

"என்னத்தைத் தேடறே?" என்றார் அவர் மனைவி நோலா.

"திருப்புளி. வெர்ன் காலையில வர்றான். அதுக்குள்ள மூக்குமூடியைக் கழட்டிட்டு வேற ஒண்ணை மாட்டியாகணும்."

"ஏன், இப்ப இருக்கறது அசல்தானே?"

"அதனாலதான்."

கழற்றிய மூக்குமூடியை அவர் துப்பாக்கிப் பெட்டகத்தின் அடித்தட்டில் இருந்த பிஸ்கட் டப்பாவில் போட்டார். ஈனிட்டை அடக்கம் செய்த மறுநாள் தன் கையாலேயே கழற்றி ஒளித்து வைத்த அசல் போல்ட்டின் பக்கத்தில்.