பாய்மரத்துக்கு ஒரு சக்கரம்

கனகசபாபதி அண்ணாச்சியின் மானம் அன்றைக்கு எண்பது ரூபாயில் நின்றது.

அதற்கு மேல் ஒரு பைசா ஏற மாட்டேன் என்று பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

சிவகாசி அச்சு மெஷின்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் சக்கரம் கடைந்து கொடுப்பது பொன்னுத்தங்கத்தின் லேத்துதான். இன்றைக்கு அவள் மேஜையில் கிடந்ததோ சக்கரம் உடைந்த கப்பி. அண்ணாச்சியிடம் பட்டாசு வாங்கிய தூத்துக்குடிக்காரர், பாக்கிக்குப் பதிலாகத் தலையில் கட்டிவிட்ட பாய்மரப் படகின் கப்பி. அதில் கயிறு ஓடினால்தான் பாய் ஏறும்.

ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர்ச் சம்பந்தி வருகிறார். நம்ம கப்பலில் நானே கூட்டிப் போகிறேன் என்று கல்யாணப் பந்தியில் ஊரே கேட்க வாக்குக் கொடுத்தவர் அண்ணாச்சி.

பொன்னுத்தங்கம் இரண்டு பிளாஸ்டிக் ராடுகளை எடுத்து வைத்தாள். கறுப்பு டெல்ரினில் கடைந்தால் இருநூறு. வெள்ளை நைலானில் எண்பது.

"நைலான் தண்ணியக் குடிச்சு ஊதிரும் அண்ணாச்சி. போன ஐப்பசியில கூரை ஒழுகி, ஒரு மெஷின்ல சக்கரம் சுத்தாம அப்படியே கவ்விக்கிருச்சு. கடலுக்கு டெல்ரின்தான்."

குடிதண்ணீரைக் குடக்கணக்கில் விலைக்கு வாங்கும் ஊர். நைலானுக்குத் தாகம் உண்டென்று அண்ணாச்சிக்கு அன்றுதான் தெரிந்தது. வெள்ளை ராடைத் தடவிப் பார்த்தார்.

"ஊதுறதுக்கு எம்புட்டு நாளாகும்?"

"பச்சத்தண்ணின்னா பத்து நாளு. அடுப்புல வேகப் போட்டா ஒரு ராத்திரி போதும்."

நைலானே இருக்கட்டும் என்றார்.

நூற்றிருபது ரூபாய்க்குப் பார்த்து, சம்பந்தி முன்னால் பாய் ஏறாமல் பல்லிளிக்கப் போகிறாரே என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. பட்டறைப் பெயரும் சேர்ந்தல்லவா கெடும்?

"போகுது, எண்பதுக்கே டெல்ரின் தாரேன். எடுத்துட்டுப் போங்க."

அதுவும் வேண்டாமாம்.

விலை இறங்கியும் வாங்காத வியாபாரியை அவள் அதுவரை பார்த்ததில்லை.

அண்ணாச்சி வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்தார். குரல் இறங்கியது.

"சாத்தூர் பஸ்ஸுக்கே வாந்தி எடுக்கிறவன் தாயி நான். கப்பிக்குள்ள இண்டு இடுக்கு இல்லாமக் கடைஞ்சு குடு. வேகப் போடுறத நான் பாத்துக்கிடுதேன்."

பொன்னுத்தங்கம் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். சிரிப்பு அடங்கியதும் கணக்குச் சொன்னாள்.

"சக்கரம் எண்பது. சம்பந்தி காதுக்குப் போகாம இருக்க நூத்தியிருபது. ஆக மொத்தம் இருநூறு அண்ணாச்சி."