பிளாஷ்பேக்குக்கு ஒரு முகம்

பிளாஷ்பேக் தொடங்க ஒரு முகம் வேண்டும், எதிரே நிற்பவர்களை விட்டுவிட்டுத் தொலைவில் எதையோ பார்க்கிற முகம். அது கிடைத்தால்தான் திரையில் அலையடிக்கவிட்டு மணப்பெண்ணின் சிறுவயதுப் படங்களுக்குள் போக முடியும். கல்யாண வீடியோ முழுக்கத் தேடிய எடிட்டர் ஜெபராஜுக்குப் பூங்கோதையிடம் அது ஒரே ஓர் இடத்தில்தான் அகப்பட்டது. மாலையைத் தூக்கிய மாப்பிள்ளையின் தோளைத் தாண்டி அவள் கண்கள் போயிருந்தன. அழகான ஷாட் என்று அதையே வைத்துவிட்டான். இப்போது தம்பதி ஸ்டுடியோவில் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்கிறார்கள். அலை எழுந்ததும், "கொஞ்சம் பின்னால போங்க," என்றான் கணவன் திருவரசு. ஜெபராஜ் வீடியோவைப் பின்னால் ஓட்டினான். "இன்னொருக்கா." திருவரசின் முழங்கால் ஆடிய ஆட்டத்தில் மேசைமேலிருந்த டீ தளும்பியது. "எங்க பாக்குற நீ?" "லைட்டப் பாத்திருப்பாங்க சார். வேணும்னா இந்த ஷாட்ட தூக்கிடலாம்," என்றான் ஜெபராஜ் அவசரமாக. "தூக்க வேணாம். ரெண்டாவது கேமரா கூட்டத்தத்தான எடுத்துச்சு? அதே நேரத்துல அதுல என்ன இருக்குன்னு போடுங்க." ஜெபராஜ் அதை ஏற்கெனவே பார்த்திருந்தான். எல்லோரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒருவன் மட்டும் எழுந்து வாசலுக்குப் போவான். ஜெபராஜின் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது. பூங்கோதை நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "போடுங்கண்ணே," என்றாள். "அன்னைக்கு இவரு தூக்குன மாலை மறைச்சிருச்சு."