தரங்கம்பாடியில் பதினோராம் நாள்

"இன்னிக்கும் பஸ் கெடையாது மாப்ள. மரத்த வெட்டி ரோட்ல போட்டுக்கினே கீறாங்களாம்," என்றபடி பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பினார் தீனதயாளன்.

அய்யனார் தலையில் கை வைத்துக்கொண்டார். மனைவி மணிமொழியோடு ரிஷிவந்தியத்திலிருந்து அவள் அண்ணனைப் பார்க்க, இரண்டு நாளைக்கென்று தரங்கம்பாடி வந்தவர். வந்த மறுநாளே இடஒதுக்கீட்டு மறியல் தொடங்கிவிட்டது. இன்று பதினோராம் நாள்.

"மல்லாட்ட புடுங்க ஆளு சொல்லிட்டு வந்தேன் மச்சான். மழ புடிச்சா கடலயெல்லாம் செடியிலயே மொளச்சிடும்."

"மொளச்சா மொளைக்கட்டும். கெளம்பு, கோட்டைக்குப் போலாம்."

"நாலு தடவ பாத்தாச்சுண்ணா," என்றாள் மணிமொழி.

"பாத்தீங்க. கேட்டீங்களா?"

தீனதயாளன் பேரூராட்சி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். தனிக்கட்டை. டென்மார்க்காரர்கள் கோட்டையைக் கட்டிப் பூட்டி, சாவியை இவரிடம்தான் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார்கள் என்பதுபோலப் பேசுவார். இவரைக் கண்டதும் உள்ளூரில் எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிடும். சொந்தபந்தம் என்று யாரும் இவர் வீட்டுப் படியேறி ஆறு வருஷம் ஆகியிருந்தது.

கோட்டை வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். "ஆயிரத்து அறுநூத்தி இருபதுல..."

"கப்பல் வந்துச்சு," என்று முடித்தாள் மணிமொழி.

"எந்தப் பக்கமா வந்துச்சு? அத சொல்லு."

"கடல் பக்கமாத்தான் மச்சான் வந்திருக்கும்," என்றார் அய்யனார். "எங்க கல்ராயன் மலைப் பக்கமாவா வரும்?"

தீனதயாளன் சிரிக்கவில்லை. "இந்த மறியல் என்னிக்கு ஓயுமோ. உங்கள வச்சிக்கினு எனக்கு ஒரு வேலயும் ஓடல," என்று சலித்துக்கொண்டார்.

மணிமொழிக்குச் சுருக்கென்றது. "அண்ணனுக்குப் பாரமாயிட்டோம். நடந்தாவது ஊரு போயி சேர்ந்துடலாம்," என்று கணவர் காதில் முணுமுணுத்தாள்.

பீடி வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு அய்யனார் நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். அங்கே சிதம்பரம் பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

"மறியல் முடிஞ்சிடுச்சாங்க?" படிக்கட்டில் ஒரு காலை வைத்தபடி கண்டக்டரிடம் கேட்டார்.

"முடிஞ்சு நாலு நாளாச்சே. கோட்டைக் கதை சொல்ற பெரியவர் ஒருத்தர்தான் தினம் காலையில வந்து, 'மறுபடி எப்பய்யா பஸ்ஸ நிறுத்துவாங்க?'ன்னு கேட்டுட்டுப் போறாரு. நீங்க ஏறுங்க."

அய்யனார் படிக்கட்டிலிருந்து காலை எடுத்தார்.

"நாளைக்கு வர்றோங்க," என்றார்.