முந்நூறு மீற்றர்

"கடல் வருஷா வருஷம் ஏறி வருது. இனி உங்கட வீடுகள் கரையிலயிருந்து முந்நூறு மீற்றர் தள்ளித்தான் இருக்கவேணும். புது வீடு நாங்கள் கட்டித் தருவம்."

சொல்லிவிட்டுத் திட்ட அலுவலர் யோகேந்திரன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். போன மாதம் கண்டி மலையில் இதே அம்பிட்டிய மண்டபத்தில், இதே வசனத்துக்கு, புத்தளம் பக்கத்து மீனவர்கள் கதிரையைத் தூக்கிவிட்டார்கள். கடலை விட்டுவிட்டு மலையிலா வலை போடுவது என்று கேட்டார்கள். பாவம், அவன் மேசைக்குப் பின்னால் ஒதுங்கினான். தேநீர் ஊற்றும் வீரய்யாதான் பின்கதவைத் திறந்துவிட்டுக் காப்பாற்றினார்.

இன்றைக்கு வந்திருப்பது திருகோணமலைப் பக்கத்துச் சனம். சண்டைக் காலமென்று அந்தப் பக்கம் போகக் கண்டி அலுவலகம் யாரையும் விடுவதில்லை. ஆகவே பழைய வரைபடத்தில் ஒரு கரையோரக் கிராமத்தைப் பார்த்து, கிராம சேவகருக்குக் கடிதம் போட்டு, பஸ் அனுப்பிக் கூப்பிட்டிருந்தான். இவர்களும் சம்மதித்துக் கையெழுத்து வைக்காவிட்டால் திட்டத்துக்கும் மூடுவிழா, உமக்கும் வேலையில்லை என்று மேலாளர் இராஜேஸ்வரி காலையில்தான் சொல்லியிருந்தார்.

கதிரை ஒன்றும் பறக்கவில்லை. கண்ணைத் திறந்தால், சனம் படிவத்துக்கு முண்டியடித்துக்கொண்டு நிற்கிறது. கையெழுத்து வைத்துவிட்டுப் போன ஒரு பெரியவர், எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடியும் வரிசையில் வந்து நின்றார்.

"இந்தத் தடவ நல்லாப் பேசிட்டீங்க போல, ஐயா" என்றார் வீரய்யா.

யோகேந்திரனுக்குத் தலைகால் புரியவில்லை. தன் பேச்சில் இவ்வளவு விஷயம் இருப்பது இதுவரை அவனுக்கே தெரியாது.

மாதர் சங்கத் தலைவி நல்லம்மா படிவத்தோடு வந்தார். "தம்பி, முந்நூறு மீற்றர் எண்டு எழுத்தில இருக்குத்தானே? பிறகு மாத்தமாட்டியளே?"

"ஒரு அடிகூட மாத்தமாட்டம், அம்மா."

வாற மாதமே குடிபோகலாமா என்று கேட்டார் நல்லம்மா. யோகேந்திரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏன் அம்மா இவ்வளவு அவசரம்? கடல் நாளைக்கே உங்கட வீட்டுக்குள்ள வந்திடாது."

"வீடு எங்க, தம்பி? ஆமி ஊரைப் பாதுகாப்பு வலயமாக்கி எங்களை எழுப்பி ரெண்டு வருஷம். நாங்கள் இப்ப இருக்கிறது அகதி முகாமில, கடலிலயிருந்து எட்டு மைல். நீங்கள் முந்நூறு மீற்றரில கொண்டுபோய் விடுறமெண்டா எங்களுக்குக் கசக்குமோ?"