புள்ளிக்கோட்டுக் கூரை

குன்றின் மேல் நாங்கள் நாற்பது பேர் காவல் இருந்தும் சோறு வரவில்லை. கேட்டுவரத் தலைமைக் கூடாரத்துக்கு இறங்கினேன். அங்கே வரைபடம் போடுகிறவன் என் தங்கை புருஷன் தேவசகாயம். பெட்டிக்குள் பெருக்கல் குறி இருந்தால் காலாட்படை, கரும்புள்ளி இருந்தால் பீரங்கி, முட்டை இருந்தால் டாங்கி என்று விரல் வைத்துக் காட்டினான். எங்கள் குன்றிலும் பெருக்கல் குறிப் பெட்டிதான். அதற்கு மட்டும் மேலே புள்ளிக்கோட்டில் ஒரு கூரை.

"இதென்ன மாப்பிள்ளை, மழைக்கா?"

"பொம்மைப் படைன்னு அர்த்தம் மச்சான். எதிரி அங்கே சுட்டுச் சுட்டு குண்டைத் தீர்க்கணும். நிஜப் படை ஆத்தங்கரையில இருக்கு."

"நாங்க உசிரோட இருக்கோமேடா! அழி அதை."

"மையில போட்டுட்டேனே" என்றான், நிமிராமல்.

மேஜர் வந்து என் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தார். "நல்லாச் செஞ்சிருக்காங்க, பேசக்கூடச் செய்யுது" என்று மெச்சி, பழைய இடத்திலேயே கொண்டுபோய் நடச் சொன்னார்.

விடிந்ததும் எதிரி வந்தான். தேவசகாயம் வரைந்த படம் எப்படியோ அவன் கையிலும் இருந்தது. படத்தைப் பார்த்தான், மூச்சடக்கி நின்ற எங்களைப் பார்த்தான், ஒரு குண்டைக்கூட வீணாக்கவில்லை. ஒருவன் ஈரச் சட்டையைப் பிழிந்து என் துப்பாக்கியில் காயப்போட்டான். பிறகு எல்லோரும் எங்கள் நடுவே புகுந்து தலைமைக் கூடாரத்தை நோக்கிச் சத்தமில்லாமல் இறங்கினார்கள்.

நான் ஒரு கத்து கத்தினால் கீழே கேட்கும். மற்றவர்கள் கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார்கள். தங்கையின் முகம் ஞாபகம் வந்தது. சட்டை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.